நடுக்கூடம்

...இந்தக் கருவாட்டை எங்கே ஒளிப்பது, அடுப்படியில் இருந்தால் வீடு முழுக்க வாசம், பின்கட்டில் வைத்தால் பூனை, சரி, வாளியைக் கவிழ்த்து அதற்கடியில் வைத்துவிடலாம், ஆசைப்பட்டு வாங்குவதும் யாராவது வருகிறார்கள் என்று ஒளிப்பதுமாகவே பொழுது போகிறது, குழம்பு வைத்த பாட்டைக் காணோம்... திலகவதிக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. சொந்த வீட்டில் திருடி மாதிரி. வீட்டு புரோக்கர் தருமன் இப்போதுதான் போன் பண்ணினான், "அக்கா, சேத்துப்பட்டு பார்ட்டி வந்துகினு இருக்குது, டீச்சரம்மா, ஜல்தியா ரெடி பண்ணிடுங்க." ரெடி என்றால்? கொடியில் ஒரு துணி தொங்கக்கூடாது, பாத்ரூம் தரை காய்ந்திருக்க வேண்டும், பாயெல்லாம் பரண்மேல், ஓதம் ஏறிய இடத்தில் காலண்டர். ஆள் வாழ்கிற வீடாகவும் தெரியணும், யாரும் புழங்காத வீடாகவும் இருக்கணும், எவளால் ஆகும் இது? இவர் வேறு லுங்கியை அந்த ஆணியிலேயே மாட்டிவிட்டு வாசலில் பேப்பர் படிக்கிறார், ஆணியைப் பிடுங்குங்கள் என்றால், "அது இன்னா பண்ணுது உன்ன?" என்கிறார். மனுஷனுக்கு விற்க மனசே இல்லை, அவளுக்குத் தெரியாதா?

ஆனால் ஆடி பிறப்பதற்குள் முடிந்தாக வேண்டும், ஆடியில் எவன் வீடு வாங்குவான்? அம்பத்தூரில் மகள் காவ்யா கைக்குழந்தையோடு தவித்துக்கொண்டிருக்கிறாள், லீவு முடியப்போகிறது, நீங்கள் வராவிட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று போனில் அழுதாள், அத்தனை படித்த பெண். வீடு போனால்தான் அங்கே ஒரு பிளாட். அதுவுமில்லாமல், போகலாம் போகலாம் என்று கல்யாணமான நாளிலிருந்து அரித்தவளே திலகவதிதானே. புதுப்பெண்ணாக உள்ளே நுழைந்தபோது கூடம் பூராவும் தறி, சுவருக்கும் தறிக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் போகிற அளவுக்குத்தான் வழி, வீடு தறிக்கா நமக்கா என்று முதல் வாரமே கேட்டு மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இப்போது தறி வந்தவாசி ரோட்டில் கொழுந்தன் ஹேமநாத் ஷெட்டில் நன்றாகவே ஓடுகிறது, தறிக்குழியில் கல்லும் மண்ணும் கொட்டி சிமெண்ட் பூசியாகிவிட்டது, தருமன் சொன்ன யோசனை. கூடம் பளிச்சென்று இருக்கிறது. ஆசைப்பட்டது இதற்குத்தானே? பிறகு ஏன் காபி டம்ளரைக் கழுவும்போதெல்லாம்... அவர் குழிக்குள் காலை விட்டு நெய்துகொண்டிருப்பார், அவள் டம்ளரோடு வந்து பக்கத்தில் தரையில் உட்காருவாள், அப்போது மட்டும் இருவர் முகமும் ஒரே உயரத்தில் இருக்கும். நின்றால் அவர் நெட்டை, அண்ணாந்து பார்க்க வேண்டும். காவ்யா வயிற்றில் இருப்பதை அங்கேதான் சொன்னாள். தறி நின்றுபோனது. பக்கத்து வீட்டுப் பூங்காவனம் சுவர்மேல் எட்டிப் பார்த்து, "இன்னாடி, சத்தத்தக் காணோம், ஒடம்பு கிடம்பு சரியில்லையா அவருக்கு?" என்று கேட்டாள். அதைக் கேட்டு இரண்டு பேரும் சிரித்த அந்தச் சிரிப்பு... எத்தனை சந்தோஷமாக இருந்தோம், அதைக்கூடக் கவனிக்காமல் ஜன்னல் இல்லை, காற்று இல்லை என்று புலம்பியிருக்கிறேனே.

வந்துவிட்டார்கள். டீச்சரம்மா கலைமகள் நல்ல மாதிரியாகத் தெரிந்தாள், செருப்பை வெளியே விட்டு வந்தாள், கூடம் நல்லா விசாலமா இருக்குதுங்க என்றாள், திலகவதிக்கு நெஞ்சு குளிர்ந்தது. இவள் வாங்குவாள். தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள், திரும்பினாள், தட்டை எடுக்க மறுபடி போனாள், புருஷன் கமலக்கண்ணன் மின்விசிறியைப் போட எதிர்ச்சுவருக்குப் போய் வந்தார். கலைமகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏங்க, ரெண்டு பேரும் சொவத்த ஒட்டினாப்பலயே போறீங்களே, நடுவுல எதுனா இருக்குதுங்களா?"

யார்? நாமா? ஐயோ, ஆமாம்... இத்தனை பேர் வந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் போனார்களே, அவர்களும் இதைப் பார்த்தார்களா, பாம்புப் புற்று, பிணம், புதையல் என்று என்னென்ன நினைத்துக்கொண்டு போனார்களோ? தருமனுக்கு முகம் செத்துவிட்டது. "ஒன்னுமில்லீங்க, பழக்கம்," என்று சிரித்தாள் திலகவதி, இதோ பாருங்கள் என்று காட்டுவதற்காகவே நடுக்கூடத்தில் காலை வைத்தாள். வழவழவென்று சிமெண்ட், ஜில்லென்று இருந்தது, இரண்டே எட்டு, கடந்துவிட்டாள். அவ்வளவுதான், காவ்யா, முடிந்தது. ஆனால் கை எப்போது கீழே போனது? குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள், தறியில் கால் பட்டுவிட்டால் செய்கிற மாதிரி, இரண்டு கண்ணிலும், அத்தனை பேர் எதிரில்.

"இன்னாங்க அது?" கலைமகளின் குரல் தாழ்ந்திருந்தது. ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும், சொல்லிவிடு, குழந்தை அங்கே... "எங்க வூட்டுக்காரர் உக்காந்திருந்த எடங்க," என்றாள். உயிரோடு எதிரில் நிற்கிற மனுஷனைப் பற்றி! அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார், கண் கலங்கியிருந்தது. கலைமகள் சமையற்கட்டையும் பார்த்துடலாங்களா என்று சொல்லி, புடவையை ஒதுக்கிக்கொண்டு, சுவரை ஒட்டியபடியே மெதுவாக நடந்து போனாள். அது மரியாதையா, பயமா? வாங்குவாளா, மாட்டாளா? அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்ற திலகவதிக்கு, எந்தப் பதில் வரவேண்டும் என்று தான் வேண்டிக்கொள்கிறோம் என்பதே தெரியவில்லை.