மூன்றாம் கேட்

வேலைநிறுத்தம் தொடங்கிய பத்து வாரமாக பெர்னடீன் இரண்டாம் கேட்டையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றாம் கேட்டில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மறியல் செய்யலாம், கருங்காலிகளின் வேன் உள்ளே நுழையும்போது வாய்க்கு வந்தபடி திட்டலாம். இரண்டாம் கேட் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கக்கூடாது. அங்கே காகித மில் நிர்வாகம் ஒரு போர்டு மாட்டியிருந்தது: ‘வெளிக் காண்ட்ராக்டர்களின் ஆட்களுக்கு மட்டும். மில் ஊழியர்களோ மில் சரக்கோ இவ்வழியே வரக்கூடாது.’ இரண்டே வரி. அந்த இரண்டு வரிக்குச் சட்டம் காவல் நின்றது. உன் சண்டை மில்லோடுதானே, காண்ட்ராக்டர் வாசலில் உனக்கு என்ன வேலை என்றது சட்டம். மீறி நின்றால் யூனியன் கோர்ட் படியேற வேண்டியதுதான்.

அந்த வழியாகத்தான் தினமும் காலை ஆறே முக்காலுக்கு அவளுடைய சொந்தத் தம்பி ரோமன் வேலைக்குப் போனான்.

கேட்டீர்களா அநியாயத்தை! ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், இருவரும் யூனியன்காரர்கள், ஒருத்தி வெளியே குளிரில் நிற்கிறாள், ஒருவன் உள்ளே போகிறான். ஆனால் யூனியன் என்றால் எல்லாம் ஒன்றா? பெர்னடீனுடையது மில் யூனியன். அங்கே தரை கூட்டுகிறவனும் காகிதம் ஓட்டுகிறவனும் ஒரே சங்கம். மில்லுக்குள் கால் வைத்தால் நீ உறுப்பினர். ரோமனுடையது எலக்ட்ரீஷியன் யூனியன். அவர்களுக்கு எந்த வாசலில் வேலை என்பது முக்கியமில்லை, கையில் இருக்கும் தொழில்தான் முக்கியம். அந்த யூனியனின் உள்ளூர்க் கிளைக்குள் நுழைவதும் லேசல்ல. அப்பன் உறுப்பினர் கார்டு வைத்திருந்தால் மகனுக்குத் தொழிற்பயிற்சியில் இடம் கிடைக்கும். அவர்கள் அப்பா கார்டு வைத்திருந்தார். பதினெட்டு வயதில் பெர்னடீன் அந்த இடத்தைக் கேட்டாள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஐந்து வருஷம் கழித்து ரோமனுக்கு வாங்கிக் கொடுத்தார். அதற்குள் அவள் விஸ்கான்சின் ஆற்றங்கரையில் இருந்த இந்த மில்லில் காகிதச் சுருள் சுற்றிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷம் சுற்றினாள்.

இப்போது அந்த வேலைதான் போகப் பார்த்தது. நிர்வாகம் வீடு வீடாகக் கடிதம் அனுப்பியிருந்தது. நாலாம் நம்பர் மெஷினுக்குப் புதிதாக மின்சார வேலை நடக்கிறது, அது முடிந்து மெஷின் ஓடத் தொடங்கிய அன்றிலிருந்து புது ஆட்களே நிரந்தரம். வெளியே நிற்கிறவர்கள் வெளியேதான். அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த பதினெட்டு எலக்ட்ரீஷியன்களில் ரோமன் ஒருவன்.

வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட மதுக்கடைக்கு வந்தவனை அவள் மடக்கினாள்.

“எங்க கேட்ல மறியல் இல்லையேக்கா. இருந்தா நான் தாண்டுவேனா? அப்பா மேல சத்தியமா தாண்ட மாட்டேன்.”

“சட்டம் நிக்க விடலடா. தெரியாத மாதிரி பேசாதே.”

“அதைத்தான் நானும் சொல்றேன். சட்டம் உன் கையையும் கட்டிருச்சு, என் கையையும் கட்டிருச்சு.”

“என் கைதான் கட்டிக் கெடக்கு. உன் கை உள்ள ஜோரா வயர் இழுத்துக்கிட்டு இருக்கு.”

ரோமன் தட்டைப் பார்த்தபடி மீனைப் பிய்த்தான். அவள் எழுந்து போய்விட்டாள்.

பதினோராவது வாரம் செவ்வாய்க்கிழமை அதிர்ஷ்டம் கண் திறந்தது. காகிதத்துக்குப் போடும் ஸ்டார்ச் ஏற்றிய டேங்கர் ஒன்று ஒன்றாம் கேட்டுக்கு வந்தது. கூட்டத்தைப் பார்த்து மிரண்ட டிரைவர் வண்டியைத் திருப்பி நேரே இரண்டாம் கேட்டுக்குள் விட்டான். மில் சரக்கு, காண்ட்ராக்டர் வாசலில்! பாய்லரில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஆர்வின் கிழவர் கழுத்தில் தொங்கிய கேமராவில் படம் பிடித்துவிட்டுக் குதித்தார்.

“மாட்டினான் பெர்னி! முழுசா மாட்டினான்!”

யூனியன் வக்கீல் போனில் சொன்னார்: அந்த கேட் கெட்டுப்போய்விட்டது, இனி தாராளமாக நிற்கலாம்.

மறுநாள் காலை ஆறரைக்கு இரண்டாம் கேட்டில் நாற்பது பேர் நின்றார்கள். எலக்ட்ரீஷியன்களின் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஒருவனும் தாண்டவில்லை. சட்டப்படி மறியல் நடந்தால் தாண்டாமல் இருக்கலாம் என்று அவர்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ரோமன் இறங்கி வந்து அக்காவின் பிளாஸ்க்கிலிருந்து காபி வாங்கிக் குடித்தான்.

“சொன்னேன்ல?”

“சொன்னேடா, ராஜா.” பத்து வாரமாக மனசுக்குள் அவனைத் திட்டியதற்கெல்லாம் வெட்கப்பட்டாள்.

அன்றும் மறுநாளும் நாலாம் நம்பரில் ஒரு வேலையும் நடக்கவில்லை. வியாழக்கிழமை மாலை நிர்வாகத்திலிருந்து தகவல் வந்தது: திங்கட்கிழமை பேச வருகிறோம். பதினோரு வாரத்தில் இதுதான் முதல் தடவை. ஆர்வின் கிழவர் அவளைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

வெள்ளிக்கிழமை காலை எலக்ட்ரீஷியன்களின் வண்டிகள் இரண்டாம் கேட்டுக்கு வரவில்லை. வேலியோரமாக வடக்கே போய்க்கொண்டிருந்தன. பெர்னடீன் மறியல் அட்டையோடு ஓடினாள். நேற்றுவரை வெறும் வேலியாக இருந்த இடத்தில் கம்பியை அறுத்து, சரளை கொட்டி, புதிதாக ஒரு வழி திறந்திருந்தார்கள். மேலே பெயிண்ட் வாசனை போகாத போர்டு. மூன்றாம் கேட். எழுத்துக்கு எழுத்து அதே இரண்டு வரி. நாசமாய்ப் போகிறவர்கள், ஒரே ராத்திரியில் வேலையை முடித்திருந்தார்கள்.

நாலாவது வண்டி ரோமனுடையது. அவள் ஜன்னலைத் தட்டினாள்.

“எங்கடா போறே?”

“எங்க கிளைச் செயலாளர் போன் பண்ணினாருக்கா. இது புது கேட், சுத்தமான கேட். இங்க மறியல் கெடையாது.”

“திங்கக்கிழமை பேச வரான்டா! மூணே நாள். ஒடம்பு சரியில்லன்னு போய்ப் படு.”

“பதினெட்டு பேரும் ஒரே நாள்ல படுத்தா எங்க கிளை மேல கேஸ் போடுவான்.”

“நீ ஒருத்தன் படு. எனக்காக.”

அவன் ஸ்டியரிங்கையே பார்த்தான். “என் பெரிய பையன் வர்ற வருஷம் பயிற்சிக்கு எழுதிப் போடணும். இப்ப நான் மொரண்டு பண்ணினா அவனுக்கு எடம் குடுப்பாங்களா? சொல்லு.”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “அது என் எடம்டா! எனக்கு வந்திருக்க வேண்டியது!”

“அதை அப்பாகிட்ட கேட்டிருக்கணும்.”

“கேட்டேன். சிரிச்சாரு.”

அவன் கண்ணாடியை ஏற்றினான். பெர்னடீன் கையிலிருந்த அட்டையை, மூச்சு வாங்க ஓடிவந்த ஆர்வினிடம் கொடுத்துவிட்டு, வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

“இப்ப நான் மறியல் இல்லடா! உன் அக்கா! ஏத்திட்டுப் போ!”

“பெர்னி, வந்துரு தாயி, கேஸாயிரும்,” என்று ஆர்வின் கெஞ்சினார். அவள் நகரவில்லை. ரோமன் ஹாரன் அடிக்கவில்லை. வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, புல்லில் இறக்கி, அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான். பின்னால் வந்த பதினாலு பேரும் அந்தத் தடத்திலேயே போனார்கள்.

திங்கட்கிழமை யாரும் பேச வரவில்லை. அடுத்த வாரம் புதன்கிழமை, வீட்டுக்கு வீடு வான்கோழி சமைக்கும் நன்றி அறிதல் பண்டிகைக்கு முந்தின நாள், நாலாம் நம்பர் ஓடத் தொடங்கியது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒன்றாம் கேட்டில் நின்ற அத்தனை பேருக்கும் காலடியில் தரை அதிர்ந்தது. ஆர்வின் தொப்பியைக் கழற்றி, திரும்ப மாட்டிக்கொண்டார்.

மத்தியானம் எலக்ட்ரீஷியன் கிளையின் லாரி ஒன்று வந்தது. வேலை இழந்த மில் தோழர்களுக்கு எங்கள் கிளையின் அன்பளிப்பு என்று ஒரு கடிதம், குடும்பத்துக்கு ஒரு வான்கோழி. லாரி மேல் நின்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் ரோமன். வரிசையில் அவள் முறை வந்தது.

“இருபது பவுண்டுக்கா. உனக்குன்னு பெருசாப் பாத்து எடுத்து வெச்சேன்.”

“எந்த கேட் வழியாடா கொண்டாந்தே?”

அவன் முகம் சுண்டிப்போனது. வான்கோழியை நீட்டியபடியே நின்றான். அதைப் பிடுங்கி அவன் மூஞ்சியிலேயே எறிய வேண்டும் என்று அவளுக்குக் கை துறுதுறுத்தது. வீட்டில் நாளைக்கு ஆறு பேர் சாப்பிட வேண்டும். பின்னால் நின்றவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.