மாமியாரும் மருமகளும் ஒத்துப்போன நாள்

மூன்று மணிக்குள் இரண்டு பதில்களும் ஒத்துப்போனால் அவள் வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான் நிபந்தனை.

துகள்கள் மோதிச் சிதறும்போது கருவியின் அடுக்குகளில் புள்ளி புள்ளியாகத் தடம் விடும். அந்தப் புள்ளிகளைச் சேர்த்து, எந்தத் துகள் எந்த வழியே போனது என்று சொல்லும் கணினி நிரலை ஒன்பது வருடத்துக்கு முன் அவள்தான் எழுதினாள். அப்போது மாணவி. இன்றுவரை அதில் கைவைக்க வேறு யாருக்கும் துணிவில்லை. எதைக் கேட்டாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதால் ஆய்வகத்தில் அதற்கு மாமியார் என்று பெயர்.

கணவர் வேறு ஊரில் வேலை கிடைத்து, ஆறு வயது மகளோடு போய் இரண்டு வருடமாகிறது. "எல்லாருக்கும் புரியற மாதிரி புதுசா ஒண்ணு எழுதிக் குடுத்துட்டு தாராளமா போம்மா" என்றார் குழுத்தலைவர். எழுதினாள். அது மருமகள். ஒரு கோடி மோதல்களை இரண்டுக்கும் கொடுத்து, இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால் அவளுக்கு விடுதலை.

முந்நூற்றுப் பன்னிரண்டில் மட்டும் ஒத்துப்போகவில்லை.

"ஒரு கோடியில முன்னூத்திப் பன்னெண்டு சண்டைதானா? எங்க வீட்ல ஒரு காலைக்கே அவ்வளவு ஆகும்" என்றான் பக்கத்து மேஜைக்காரன். "மருமகளைக் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கச் சொல்லுங்க மேடம்."

சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். முப்பதாவதில் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாம் ஒரே இடம். ஏழாவது அடுக்கில் இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் விளிம்பு. அங்கே ஒரே துகள் இரண்டு தகட்டிலும் புள்ளி வைக்கும். மருமகள் அதை ஒரு துகள் என்றாள். மாமியார் இரண்டு என்றார். மாமியாரில், தகட்டின் இடத்தைக் குறிக்கும் எண்ணில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. அவள் கையாலேயே தட்டிய வரி.

மருமகள்தான் சரி.

சொன்னால், ஒன்பது வருடத் தரவையும் திரும்ப ஓட்ட வேண்டும். வெளிவந்த கட்டுரைகளில் எது நிற்கும், எது நிற்காது என்று பார்க்க வேண்டும். ஒரு வருடமாவது ஆகும். அவள் இல்லாமல் ஆகாது. சொல்லாவிட்டால்? மருமகளிலும் அந்தக் குறியை எடுத்துவிட்டால் போதும்.

கதவருகே குழுத்தலைவர் எட்டிப்பார்த்தார். "உன்னை வழியனுப்பக் கேக் வந்தாச்சு, கத்தி வந்தாச்சு, உன் பச்சை விளக்கு மட்டும்தாம்மா வரல."

குறியை அழித்தாள். ஓட்டினாள். நாற்பது நிமிடத்தில் திரை முழுக்கப் பச்சை.

"ஒருவழியா வீட்ல சமாதானம்!" என்று பக்கத்து மேஜைக்காரன் கத்த, எல்லோரும் கை தட்டினார்கள். அவள் கேக்கைத் தொடாமல் தட்டை ஓரமாக வைத்தாள்.

வாசலில் காவலர் அடையாள அட்டைக்குக் கை நீட்டினார். "குடுத்துட்டா திரும்ப உள்ள போக முடியாதும்மா. எல்லாம் எடுத்துக்கிட்டீங்களா?"

அட்டையை மேஜைமேல் வைத்தாள். விரலை எடுக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே கணவரின் கார் உறுமிக்கொண்டு நின்றது. போன் அடித்தது.

"மகாராணி, அஞ்சு மணி நேரம் ஓட்டிட்டு வந்திருக்கேன். வர்றியா, இல்ல அங்கேயே குடியிருக்கப் போறியா?"

"ஒரு தப்பு பண்ணிட்டேங்க."

"எப்ப?"

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஒண்ணு. ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி ஒண்ணு."

சொல்லி முடித்தாள்.

"சரிபண்ண எத்தனை நாள்?"

"ஒரு வருஷம் ஆகும்."

"அலமாரியில உனக்குன்னு ஒரு தட்டைக் காலி பண்ணி வச்சிருக்கா உன் பொண்ணு. தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு இப்ப பேசப் பிடிக்கல."

ஆனால் போனை வைக்கவில்லை. இன்ஜினை அணைத்தார். பின்கதவைத் திறந்துகொண்டு மகள் மட்டும் ஓடி வந்து கண்ணாடியில் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்தாள்.

அவள் அட்டையை எடுத்துத் திரும்பக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

காவலர் பார்வையாளர் பதிவேட்டைத் திறந்தார். "எத்தனை பேரும்மா?"

காரைப் பார்த்தாள். கணவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஒருத்தர். கீழ ஒரு வரி காலியா விடுங்க."