இரண்டாவது கையெழுத்து

என் வாய்க்குப் பயந்து ஓடிப்போன புது நர்ஸுகள் ஒரே வருஷத்தில் ஐந்து பேர். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. மேட்ரன் சந்திரிகா எண்ணி வைத்திருந்தார். கோல சிலாங்கூர் என்ற ஊர்ப் பக்கம் எங்களுடையது சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. ஆண்கள் வார்டில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். அடுத்த மாதம் வார்டு சிஸ்டர் பதவி எனக்குத்தான் என்று பேச்சும் இருந்தது. “நாகமணி, ஆறாவது ஆளாவது நிக்கட்டும்” என்று சொல்லித்தான் மேட்ரன் தனேஸ்வரியை என்னிடம் அனுப்பினார்.

தோட்டத்துப் பெண். அம்மா இன்னும் செம்பனை நாற்றுப்பண்ணைக்குத்தான் வேலைக்குப் போகிறார். மகள் புஞ்சாக் ஆலாமில் நர்ஸ் படிப்பு முடித்து, இதுதான் முதல் வேலை. ஆறு மாதம் சோதனைக்காலம். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால், முதல் இடத்திலேயே நீக்கப்பட்டவள் என்று கோப்பில் ஏறிவிடும். அப்புறம் எந்த ஆஸ்பத்திரி கூப்பிடும்?

முதல் நாளே என்னிடம் கேட்டாள். “அக்கா, இங்க புது ஆளுங்கள நல்லா பாத்துக்குவாங்களா?”

“பாத்துக்கறதுக்கு இது என்ன ஒங்கம்மா வூடா? நோயாளிய நீ பாத்துக்க. அது போதும்லா.”

மற்றவர்களாக இருந்தால் அன்றைக்கே கண்ணைக் கசக்கியிருப்பார்கள். இவள் “சரிக்கா” என்று சொல்லிவிட்டுப் போய்க் கட்டில் விரிப்பை மாற்றினாள். எனக்கு உள்ளுக்குள் பிடித்திருந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டால் என் கெத்து என்ன ஆவது?

அவளுக்கு நாலாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. மூன்று நாள் லீவு முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் வேலைக்குத் திரும்பினேன். வார்டில் இருந்தவர்களின் முகம்கூட எனக்குப் பதியவில்லை. ஏழாம் கட்டிலில் காளியண்ணன் என்ற பெரியவர். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண், மதியச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின். எதிர் வரிசையில் எட்டாம் கட்டிலில் சன்னாசி. லோரி ஓட்டுநர். நெஞ்சில் சளி கட்டி, இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

காளியண்ணனின் மனைவி வள்ளியம்மா என்னை வழிமறித்தார். தோட்டத்துச் சனத்துக்கு நர்ஸ் என்றால் எல்லாரும் மிஸிதான்.

“மிஸி, இவரு தல வடக்க இருக்கு மிஸி. ராத்திரி பூரா பொலம்பறாரு. எதிர்ல இருக்கற கட்டில குடுங்களேன்.”

“தெச பாத்துக் கட்டில் போட இது சாமி ரூம் இல்லம்மா” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

தனேஸ்வரி நின்றாள். வடக்கே தலை வைத்துப் படுப்பது அந்த அம்மாவுக்கு எப்படிச் சாவுக்குறியாகத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நானும் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள்தான். அவள் எட்டாம் கட்டிலுக்குப் போய்ச் சன்னாசியிடம் கேட்டாள்.

“எனக்கு எந்தத் தெசையும் ஒண்ணுதான் மிஸி. லோரி சீட்லயே மடங்கிப் படுத்தவன்லா” என்றாராம் அவர். பேசி முடித்து, இருவரையும் சக்கர நாற்காலியில் வைத்து இடம் மாற்றிவிட்டாள். அதன் பிறகு நேரே என்னிடம் வந்தாள்.

அப்போது நான் மருந்தகத்துக்காரனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

“அக்கா, ஏழையும் எட்டையும் மாத்திட்டேன். தலமாட்டு அட்டைய இன்னும் மாத்தல. டாக்டர் டிரெஸ்ஸிங்குக்குக் கூப்புடுறாரு, போயிட்டு வந்து மாத்திடறேன்.”

நான் கையை ஆட்டினேன். ‘சரி, போ’ என்ற ஆட்டல். அவள் சொன்னது காதில் விழுந்தது, ஆனால் நான் வாங்கிக்கொள்ளவில்லை. மருந்தகத்துக்காரனை எப்படி மடக்கலாம் என்பதிலேயே என் புத்தி இருந்தது.

இன்சுலினுக்கு இரண்டு நர்ஸ் வேண்டும். இருவரும் கட்டிலுக்குப் போக வேண்டும். நோயாளியை அவர் வாயாலேயே பெயரைச் சொல்ல வைத்து, பெயர் எழுதி மணிக்கட்டில் கட்டிய கைப்பட்டையைப் படித்துப் பார்த்து, ஊசி போட்ட பிறகே இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதி வைத்த முறை அது. எங்கள் வார்டு முறை வேறு. ஒருத்தி போய்ப் போட்டுவிட்டு வருவாள். இன்னொருத்தி உட்கார்ந்த இடத்திலேயே கையெழுத்துப் போடுவாள். அந்த முறையைக் கொண்டு வந்தவளே நான்தான்.

மதியம் ஊசியில் மருந்தை இழுத்துக்கொண்டு தனேஸ்வரியிடம் மருந்துத் தாளை நீட்டினேன்.

“கையெழுத்துப் போடு.”

“நானும் வரேன்க்கா.”

“எதுக்கு, வேடிக்க பாக்கவா? போடு.”

போட்டாள். எனக்குத்தான் இடம் மாறியது தெரியுமே என்று நினைத்திருப்பாள். நான் ஏழாம் கட்டிலுக்குப் போனேன். அட்டையில் காளியண்ணன் என்றிருந்தது. வள்ளியம்மா கேண்டீனுக்குப் போயிருந்தார். கழுத்துவரை போர்த்திக்கொண்டு ஒருவர் படுத்திருந்தார்.

“காளியண்ணன்தானே? ஊசி போடறேன்.”

அவர் தலையாட்டினார்.

எங்கள் சனம் அப்படித்தான். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் கேட்டாலும் ஆமாம், கணக்கெழுதும் கிராணி கேட்டாலும் ஆமாம், வெள்ளை உடுப்புக்காரி கேட்டாலும் ஆமாம். அதனால்தான் ‘நீங்கள் இன்னார்தானே’ என்று கேட்கக் கூடாது, ‘உங்கள் பெயர் என்ன’ என்றுதான் கேட்க வேண்டும். அது தெரிந்தவள் நான். தெரிந்தும் அப்படிக் கேட்டு, வெறும் வயிற்றோடு கிடந்த சன்னாசிக்குப் பன்னிரண்டு யூனிட் இன்சுலினை ஏற்றிவிட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தனேஸ்வரி கூப்பிட்ட சத்தம் கேட்டு ஓடினேன். சன்னாசி வேர்வையில் நனைந்து கிடந்தார். கண் மேலே சொருகியிருந்தது. அவள் அவர் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தாள். ஒன்று புள்ளி ஏழு. எங்கள் கணக்கில் நாலுக்குக் கீழே இறங்கவே கூடாத எண் அது. நான் குளுக்கோஸ் ஏற்றும்போதே வலிப்பு வந்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கட்டிலோடு கொண்டுபோனோம்.

கட்டிலைத் தள்ளும்போது தனேஸ்வரி அவருடைய கைப்பட்டையைப் பார்த்தாள், தலைமாட்டு அட்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நாலு மணிக்கு மேட்ரன் அறை. மேசைமேல் மருந்துத் தாள் இருந்தது. அதில் இரண்டு கையெழுத்து. என்னுடையது கிறுக்கல். அவளுடையது பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போல ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக இருந்தது.

“தனேஸ்வரி, கட்டில் மாத்துனத நீ நாகமணிகிட்ட சொன்னியா, இல்லையா?”

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“மறந்துட்டேன் மேட்ரன். என் தப்புதான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேட்ரன் பேனாவை எடுத்தார். “சோதனைக்காலம் முடியாத பொண்ணு. மேலிடத்துக்கு நான் எழுதித்தான் ஆகணும்” என்றார்.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இவள் சின்னவள், வேறு இடம் கிடைக்கும் என்று நினைத்தேன். பன்னிரண்டு வருஷம் காத்திருந்த பதவி கைக்கு வரப்போகிறது என்று நினைத்தேன். மேட்ரன் தேதியை எழுதி, அவள் பெயரையும் எழுதத் தொடங்கினார். அதுவரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

“மேட்ரன், எழுதாதீங்க. அவ சொன்னா. நான் போன்ல இருந்தேன், காதுல வாங்கல. நானும் வரேன்னு சொன்னவள ஒக்கார வச்சுக் கையெழுத்துப் போட வச்சதும் நான்தான். கைப்பட்டையப் பாக்காம ஊசி போட்டதும் நான்தான்.”

மேட்ரன் பேனாவை நிறுத்தினார். பிறகு எழுதத் தொடங்கிய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். “ஏன்டி பொய் சொன்ன?”

“இதுதான்க்கா எனக்கு மொத வேல. ஒங்களக் காட்டிக் குடுத்துட்டு, அப்புறம் ஒங்ககூட தெனம் எப்படி நிக்கறது?”

என்மேல் பாசத்தில் சொன்னாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பயம். நாலு மாதமாக நான் ஊட்டி வளர்த்த பயம். அதுதான் கட்டில் பக்கத்துக்கு வரவிடாமல் அவளை உட்கார வைத்தது, அதுதான் மேட்ரன் முன்னால் பொய்யும் சொல்ல வைத்தது. அன்றைக்கு வண்டியில் உட்கார்ந்து அழுதேன். அழுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சிஸ்டர் பதவி ரவாங்கிலிருந்து வந்த ஒருத்திக்குப் போனது. தனேஸ்வரிக்கு, அட்டையை உடனே மாற்றாததற்கு ஒரு வாய்மொழிக் கண்டிப்பு, அவ்வளவுதான். வேலை தப்பியது.

நாலாம் நாள் சன்னாசி வார்டுக்குத் திரும்பினார். இடது கை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. அவர் முன்னால் போய் நின்று, நடந்ததை அப்படியே சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்றிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நீங்க கேட்டீங்க மிஸி. நானும் ஆமான்னு தல ஆட்டிட்டேன்ல” என்றார், ஏதோ தப்பு அவருடையது போல.

அன்றைக்கு மதியம் காளியண்ணனுக்கு இன்சுலின். இந்த முறை மருந்தை இழுத்தது தனேஸ்வரி. நான் கணக்கில்லாத வேலைக்கு நடுவில், பழக்க தோஷத்தில், தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தேன். அவள் தாளின்மேல் கையை வைத்து மறைத்தாள்.

“கட்டிலுக்கு வாங்கக்கா. பாத்துட்டு வந்து போடுங்க.”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. என் வார்டில் என் பேனாவை ஒருத்தி தடுப்பதா? நிமிர்ந்து பார்த்தேன். அவளும் என்னையே பார்த்தாள். தாளின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

நான் பேனாவை மூடிவிட்டு எழுந்து போனேன்.

“ஐயா, ஒங்க பேரு என்ன?” என்று அவள் கேட்டாள்.

பெரியவர் தன் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து, முழுசாகச் சொன்னார். நான் குனிந்து கைப்பட்டையைச் சத்தமாகப் படித்தேன். அவள் ஊசி போட்டாள். பிறகு இருவரும் மேசைக்குத் திரும்பி வந்தோம். அவள் முதலில் கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினாள். இரண்டாவது கையெழுத்தை நான் போட்டேன்.