கேபிள் எந்தப் பிரிவு?

எங்கள் பதிப்பகத்தில் கம்ப்யூட்டர் தொழில்நுட்பப் பிரிவைச் சேர்ந்தது. மானிட்டர் தளவாடப் பிரிவைச் சேர்ந்தது. மேசைமேல் நிற்பதால் அதுவும் மேசைக்குச் சொந்தபந்தமாம். இப்படிப் பாகம் பிரித்த மகராசன் யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

நான் மெய்ப்புப் பார்ப்பவள். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, திரையில் பொடி எழுத்துகள் நெளிகின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு கால்புள்ளிகூட என்னிடமிருந்து தப்பாது. அதற்காகக் கெஞ்சிக் கூத்தாடிப் பெரிய மானிட்டர் ஒன்று வாங்க வைத்தேன். அது சரிப்பட்டு வந்தால் இந்த நாற்காலி எனக்கு; வராவிட்டால் மறுநாளிலிருந்து கிடங்கில் புத்தகக் கட்டு கட்டப் போக வேண்டும் என்று மேலாளர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

இன்று காலை மானிட்டரை மாட்டினார்கள். ‘சிக்னல் இல்லை’ என்று ஒரு வரி வந்தது. பிறகு அதுவும் போய்த் திரை இருண்டுவிட்டது.

தொழில்நுட்பக்காரர் என் கம்ப்யூட்டரைத் தன் அறைக்குத் தூக்கிப்போய், தன் மானிட்டரில், தன் கேபிளில் மாட்டிப் பார்த்தார்.

“கம்ப்யூட்டர் தங்கம், சொக்கத் தங்கம்” என்று திருப்பி வைத்தார்.

தளவாடக்காரர் தன் லேப்டாப்போடும் தன் கேபிளோடும் வந்தார். படம் பளிச்சென்று வந்தது.

“மானிட்டர்ல ஒரு குறையும் சொல்ல முடியாது” என்று லேப்டாப்பை மூடிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முன் இரு வீட்டாரும் அவரவர் பிள்ளையைப் புகழ்வதுபோல் புகழ்ந்தார்களே தவிர, இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மதியம் கணவரை ஃபோனில் அழைத்துப் பொரிந்து தள்ளினேன்.

“கிடங்கு பூரா தூசி. டாக்டர் தூசியே கூடாதுன்னாரு. பேசாம வேலைய விட்டுட்டு வந்துடு” என்றார்.

“தப்பு அவங்களோடது. நான் ஏன் வரணும்?” என்று வைத்துவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு மேலாளர் வந்தார். இருவரும் ஒப்பித்ததைக் கேட்டுத் தலையாட்டினார்.

“ரெண்டும் நல்லா இருக்காம். அப்ப மிச்சம் என்னம்மா?”

மூன்று பேரும் என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார்கள். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

“இருட்டா இருக்கறது திரை சார். உங்களுக்கு ஏதாவது தெரியுதா அதுல?”

“எனக்கு எதுக்கும்மா தெரியணும்? அது உங்க சீட்டு. கண்ணு முடியலன்னா ஒத்துக்கங்க. கிடங்குல லேபிள் ஒட்டறதுக்கு அவ்வளவு பார்வை தேவைப்படாது.”

அறை முழுக்கக் கேட்டது. பக்கத்து மேசையில் தட்டச்சு நின்றது. அழுகை வந்தது, இவர்கள் முன்னால் அழக் கூடாதென்று விழுங்கிக்கொண்டேன்.

“இந்தக் கேபிள் எந்தப் பிரிவு?” என்று கேட்டேன்.

இருவரும் குனிந்து கேபிளைப் பார்த்தார்கள்.

“எங்களது இல்ல. மிச்ச ஒயர் போடற பெட்டியில கிடந்துச்சு” என்றார் தளவாடக்காரர். “ரெண்டு பக்கமும் கச்சிதமா உக்காந்துச்சு, மாட்டிட்டேன்.”

கேபிளை உருவி மூக்கருகே கொண்டுபோனேன். கிட்டே வைத்தால் எனக்கு எல்லாம் தெரியும். இரண்டு முனையும் வேறு வேறு வகை. தலைப்பகுதியில் கம்ப்யூட்டர் படம் ஒன்று, மானிட்டர் படம் ஒன்று, நடுவில் ஒரே ஓர் அம்புக்குறி. கம்ப்யூட்டர் பக்கம் போக வேண்டிய முனை மானிட்டரில் இருந்திருக்கிறது. படம் ஒரு திசையில்தான் போகும் கேபிளைத் தலைகீழாக மாட்டிவிட்டு, என் கண்ணைக் குறை சொல்லியிருக்கிறார்கள். திருப்பி மாட்டலாமென்றால், அந்த முனைக்கு என் கம்ப்யூட்டரில் துளையே இல்லை.

“ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கற கேபிள் குடுங்க” என்று தொழில்நுட்பக்காரரிடம் கை நீட்டினேன்.

“இது செக் பண்றதுக்கு வெச்சிருக்கறது…” என்று இழுத்தார். நீட்டிய கையை நான் மடக்கவில்லை. கொடுத்தார். மானிட்டரில் பக்கத்துத் துளையில் நானே செருகினேன். படம் வந்தது.

மேலாளர் சிரித்தார். “அதான் வந்துடுச்சே. உக்காந்து வேலையப் பாருங்கம்மா.”

“எல்லார் முன்னாடியும் என் கண்ணைப் பத்திச் சொன்னீங்க சார். எல்லார் முன்னாடியும் அதைத் திருப்பி எடுத்துக்கங்க.”

“சின்ன விஷயத்தைப் பெருசு பண்ணாதீங்க.”

நான் உட்காரவில்லை. மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டிய பாடநூல் திரையில் திறந்து கிடந்தது; அது அவருக்கும் தெரியும். நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றேன். அறையில் ஒருவரும் குனிந்து வேலை பார்க்கவில்லை.

“சரிம்மா, தப்பா சொல்லிட்டேன்” என்றார், மானிட்டரைப் பார்த்து.

“என்னைப் பாத்துச் சொல்லுங்க சார்.”

பார்த்தார். சொன்னார். நான் உட்கார்ந்தேன்.