லாஸ்பேட்டையிலிருந்து ஒரு மணி நேரம்

விமானத்தின் கதவை அடைத்து வெகுநேரம் ஆகிவிட்டது. சக்கரம் ஒரு அடி நகரவில்லை. வெளியே புதுச்சேரியின் லாஸ்பேட்டை வெயில் கொளுத்துகிறது. பெங்களூரில் பேய்மழையாம், இறங்க அனுமதி இல்லையாம். ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் நம்பவில்லை.

என் தங்கை ஜீனத்துன்னிசா நேற்று பெங்களூரில் இறந்துபோனாள். புருஷன் எப்போதோ போய்விட்டான், ஆண் பிள்ளை இல்லை, ஒரே மகள் அரீபாதான். எங்களில் இறந்த பெண்ணின் உடலை, மையத்தை, குழிக்குள் இறக்க நெருங்கிய ரத்த உறவு ஆண் கைகொடுப்பது வழக்கம். அங்கே அவளுக்கு அப்படி யாருமில்லை. நான்தான் போகவேண்டும்.

விடியும்போதே பக்கத்து வீட்டு அன்பழகன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். கெடுத்தவன் என் மகன் ஷாரிக். பாரிஸிலிருந்து போனில் பேசினான்.

"கார்ல ஏழு மணி நேரம் அத்தா. இந்த வயசுல குலுங்கிகினு போவீங்களா? ஆகாசத்துல முந்நூறு கிலோமீட்டர்கூட இல்ல. ப்ளைட்ல ஒரு மணி நேரம். டிக்கெட் போட்டுட்டேன்."

யாரையும் நம்பாதவன் மகனை நம்பினேன். அன்பழகன் காரைத் திருப்பிக்கொண்டு போனான்.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன்.

"கதவத் திறம்மா. நான் எறங்கணும்."

"இப்ப முடியாது ஐயா. கொஞ்சம் உக்காருங்க."

"பஸ்ஸா இருந்தா நடுரோட்டுல நிறுத்தச் சொல்லி எறங்கிடுவேன்."

"இது பஸ் இல்லீங்களே."

"பஸ்ஸா இருந்தா நகந்திருக்கும்."

பக்கத்து இருக்கைப் பெண் சிரித்தாள். சுடர்விழி என்று பெயர், பெங்களூரில் வேலையாம்.

"கெளம்பிட்டா ஒரு மணி நேரந்தான் தாத்தா."

"எறங்கி டவுனுக்குப் போவ?"

"அது ரெண்டு மணி நேரம் ஆவும். மழைன்னா சொல்ல முடியாது."

இதை ஷாரிக் சொல்லவில்லை.

போன் அடித்தது. அரீபா.

"மாமு, எங்க இருக்கீங்க?"

"ப்ளைட்ல ஏறிட்டம்மா." அது பொய்யில்லை.

"அம்மாவக் குளிப்பாட்டி, கபன் துணி சுத்தி வெச்சிருக்கு. வெட்டுன குழில தண்ணி எறங்குதாம். ரெண்டு தடவ எறச்சிட்டாங்களாம். கரை சரிஞ்சிடும்ங்கறாங்க. உங்களுக்காகத்தான் நிக்கறாங்க மாமு. எப்ப வருவீங்க?"

ஒரு மணி நேரம் என்பது வாய்வரை வந்தது. காலையிலிருந்து அவளிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் வழியே பார்த்தேன். இறக்கையின் நிழலில் ஒருவன் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான்.

"நான் இல்லன்னா யாரு எறக்குவாங்க?"

"பள்ளிவாசல் ஆளுங்க. எங்க தெரு ஆசிப் பாய்."

"வயசானவனா?"

"உங்க வயசு இருக்கும்."

"கை நடுங்குமா?"

"நடுங்காது மாமு."

"தலப்பக்கம் அவனையே புடிக்கச் சொல்லு. எனக்காக நிக்க வேணாம். அடக்கிடுங்க."

அவள் அழுதது கேட்டது. நான் போனை வைத்துவிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து ஓடினான். இறக்கையில் இருந்த விசிறி சுற்ற ஆரம்பித்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"பெல்ட் போடுங்க ஐயா. அனுமதி வந்துடுச்சு," என்றாள் பணிப்பெண்.

"இப்பவாவது எறக்கி விடு."

அவள் குனிந்து, என் வயிற்றின்மேல் பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள்.

அரீபாவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மையத்தைத் தூக்கியிருப்பார்கள்.