நான்கு சென்சர், நான்கு பொட்டு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கப்பல்துறையில் ஒரு கராஜுக்கு ஓட்டோவுக்குக் காற்றடிக்கப் போன இடத்தில் கிடைத்தது. பெயர்கள் நான் வைத்தவை. முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘துறைமுகத்தின் நீலம் விரிந்து கிடந்த அந்தக் காலையில் ஹுஸ்னியா—’

[விட்டுவிட்டேன். அந்தக் கராஜில் நின்றால் கடல் தெரியாது. ஊர்ப் பெயரில் கப்பல் இருக்கிறது என்பதற்காகக் கடலை இழுத்துக்கொண்டுவந்து வைக்க என்னால் முடியாது.]

2

கனகசுந்தரத்தின் கார் மூன்றாம் தடவையாகக் கராஜுக்கு வந்தது. சீனன்குடாவில் உத்தியோகம் பார்ப்பவர், சாதுவான மனிதர். ரிவர்ஸ் போட்டால், பின்னால் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பார்க்கிங் சென்சர் கத்தும். கராஜ்காரர் ஸுஹைர் இரண்டு தடவை நான்கு சென்சரையும் புதிதாக மாற்றிக் கொடுத்தார். கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்துவிட்டுப் பழையபடி கத்தியது.

ஓயாமல் கத்தும் ஒன்றை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? போன சனிக்கிழமை அவரும் போட்டுக்கொள்ளவில்லை. காரைப் பின்னுக்கு எடுத்தபோது பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை பின் சில்லுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. மனைவி பூரணி போட்ட கூச்சலில்தான் பிரேக்கை மிதித்தார். அதற்குப் பிறகு பூரணி அந்தக் காரில் ஏறவில்லை.

ஹுஸ்னியா, ஸுஹைரின் மனைவியின் தங்கை. வாகன வயர் வேலையை முறையாகப் படித்தவள். ஆனாலும் இரண்டு வருடம் மேசையில் இருந்து போன் எடுத்த பிறகுதான் காரைத் தொட விட்டார்கள். அவள் குந்தியிருந்து பம்பரில் காதை வைத்தாள். எஞ்சினை நிறுத்தி ரிவர்ஸில் போட்டால், வேலை செய்கிற சென்சர் மெல்ல டிக் டிக் என்று கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை.

பின் பம்பரில் வட்ட வட்டமாக நான்கு சென்சர். நான்கின் நடுவிலும் பிசகாமல் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். வெள்ளிக்கிழமை தோறும் காரைக் கழுவிப் பொட்டு வைப்பது கனகசுந்தரத்தின் வழக்கம். பொட்டுக்கென்றே செய்தது போல நான்கு வட்டம் இருந்தால் மனிதர் வேறெங்கே வைப்பார்? சந்தனம் காய்ந்து, ஓரத்து இடுக்கிலெல்லாம் கட்டிபட்டிருந்தது.*

* சென்சரின் முகம் அதிர்ந்துதான் தூரத்தை அளக்கும். அதில் எதுவும் ஒட்டக் கூடாது. சேறானாலும் சந்தனமானாலும் அதற்கு ஒன்றுதான்.

3

ஸுஹைருக்கு இது முதல் நாளே தெரியும். தெரிந்துதான் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். ஹுஸ்னியாவைப் பின்பக்கம் கூப்பிட்டு, எலி வயரைக் கடித்துவிட்டது என்று சொல்லச் சொன்னார்.

“சாமி விசயம், புள்ள. நாம சொன்னா ஊருக்குள்ள கதை வேற மாதிரிப் போகும். நீ வாயத் திறந்தியெண்டா திரும்ப மேசைக்குத்தான் போவாய்.”

“அந்தப் பிள்ளைக்கு ஒண்டு நடந்திருந்தா, அதையும் எலிட தலையிலயா மச்சான் போடுவீங்க?”



4

இவ்வளவையும் எழுதி, பிழை திருத்தும் என் சிநேகிதி ஜெயரூபியிடம் காட்டினேன். நல்ல கதை, ஆனால் முஸ்லிம் பெண் பொட்டைப் பற்றிப் பேச வேண்டாம் என்றாள். ஹுஸ்னியாவுக்கு வேறு பெயர் வைத்தால் ஒருவர் மனமும் நோகாதாம். அவளுடைய பெயரையே வைத்து மாற்றியும் பார்த்தேன்:

‘ஜெயரூபி குந்தியிருந்து பம்பரில் காதை வை’

[வசனம் அரையில் நிற்கிறது. நிற்கட்டும்.]

ஸுஹைரின் எலியும் ஜெயரூபியின் பெயர்மாற்றமும் எனக்கு ஒன்றுதான். பார்த்ததைப் பார்த்தபடி எழுதப் பயமென்றால் பேனையைத் தொட்டிருக்கவே மாட்டேன். நான் எந்தப் பக்கத்து ஆள் என்று தேடுகிறவர்கள் தேடிக்கொண்டிருக்கட்டும்.

5

ஹுஸ்னியா முன்பக்கம் வந்தாள். கனகசுந்தரம் வாடிக்கைக்காரருக்குப் போட்டிருந்த கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, சென்சர் பழுதில்ல. நீங்க வைக்கிற பொட்டுத்தான் அதை அடைக்குது. பொட்டை நம்பர் பிளேட்டுக்கு மேல வையுங்க. இந்த நாலு வட்டத்திலயும் வைக்காதீங்க.”

கராஜில் எல்லாரும் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டார்கள். அவள் தண்ணீரில் நனைத்த ஒரு பிரஷ்ஷை அவரிடம் நீட்டினாள்.

“நான் கழுவட்டா, இல்லாட்டி நீங்களே கழுவுறீங்களா?”

6

அவருடைய பதிலை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில், வாய் பேசாமல் காரை எடுத்துக்கொண்டு போகிறார், ஹுஸ்னியா மறுநாள் மேசைக்குப் போகிறாள். இன்னொன்றில், சிரிக்கிறார், எல்லாரும் தேத்தண்ணி குடிக்கிறார்கள். அது உங்களைக் குளிர்விக்க எழுதியது, வெட்கமாக இருக்கிறது. மூன்றாவதில் பிரஷ்ஷை வாங்கி

[இல்லை. மூன்றையும் கிழித்துவிட்டேன்.]

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். காரைத் தொடுகிற வேலை போகலாம் என்று தெரிந்துகொண்டே அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். அவள் செய்தது சரி என்பதற்கு இன்னொருவருடைய நல்ல மனம் சாட்சிக்கு வரத் தேவையில்லை.

இப்போது அந்தக் கதிரையில் நீங்கள் இருக்கிறீர்கள். பதில் எதுவானாலும் என்னிடம் சொல்ல வேண்டாம். அவள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.