நூற்று நாற்பது வோல்ட்

“செத்த பிணத்துக்கு நாடி பார்க்கிறா பாரு,” என்று அண்ணன் தன் மனைவியிடம் சொன்னான்.

தங்கை நிமிரவில்லை. பழைய இரும்புக் கடையில் தானே பொறுக்கி வாங்கிய வால்வு ரேடியோ மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. குடலை உருவிவிட்டுப் பெட்டியை மட்டும் கடை அலங்காரத்துக்காகக் காபிக் கடைக்காரருக்குத் தருவதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் அது பேசினால் பிழைத்தது. இல்லையென்றால் ஸ்க்ரூடிரைவர் அவன் கையில்.

இதுவரை வந்ததெல்லாம் கரகரப்புதான்.

“கம்பெனி அட்டவணையில இந்த வால்வுக்குத் தொண்ணூத்தஞ்சு வோல்ட். உன் மீட்டர்ல நூத்தி நாப்பது. வால்வு போச்சு. இன்னும் என்ன சாட்சி வேணும்?”

பதினைந்து வருஷம் டிவி பழுது பார்த்தவன். தீர்ப்பு எப்போதும் நாக்கு நுனியில்.

அவள் அட்டவணையை அடிவரை படித்தாள். அடியில் எறும்பெழுத்தில் ஒரு வரி: அளவுகள் முள் மீட்டரில் எடுத்தவை. முள்ளை நகர்த்தவே அந்த மீட்டர் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். குடித்த அளவுக்கு வோல்ட் இறங்கும். அவளுடைய புது டிஜிட்டல் மீட்டர் அப்படிக் குடிக்காது.

“நாடி பிடிக்கிறவன் அழுத்திப் பிடிச்சா நாடி இறங்காதாண்ணா?”

அலமாரியில் தூசி படிந்திருந்த முள் மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தாள். முள் தொண்ணூற்றைந்தை ஒட்டி நின்றது.

“வால்வு உயிரோடதான் இருக்கு.”

“அப்புறம் ஏன் வாயைத் திறக்கலை?”

“இந்த வீட்டுல நீங்க பேச விட்டாத்தானே,” என்றாள் அண்ணி.

அண்ணன் முறைத்தான். தங்கை அடுத்த வால்வுக்குப் போனாள், ஒலிபெருக்கிக்கு முந்தியது. ஒலி உள்ளே நுழையும் அதன் கிரிட் காலில் பூஜ்யம் வோல்ட் இருக்க வேண்டும், பதினான்கு இருந்தது. ரேடியோவை அணைத்து, வால்வைப் பிடுங்கி, அது இல்லாமலே மறுபடி மின்சாரம் கொடுத்து அளந்தாள். அப்போதும் பதினான்கு. ஆக, குற்றவாளி வால்வு இல்லை, அதற்கு முன்னால் மின்சாரத்தைக் கசியவிட்ட மெழுகுக் கண்டென்சர். கூரை ஒழுகினால் கீழே நனைந்து நிற்பவனைத் திட்டி என்ன பயன்?

கண்டென்சரை மாற்றிப் பற்றவைத்தாள். வால்வைச் செருகி, ரேடியோவைப் போட்டாள். வால்வுகள் மெல்லச் சிவந்தன. யாரோ ஒருவர் தெள்ளத்தெளிவாக வானிலை படித்தார்.

 “கடைக்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்றான் அண்ணன்.

“பெட்டி காலி இல்ல, உள்ளே ஆள் இருக்குன்னு சொல்லு.”

அவன் போனை எடுத்தான். அவள் சத்தத்தைக் கூட்டினாள். அவன் வாசலுக்குப் போய்த்தான் பேச வேண்டியிருந்தது.